மொட்டை டயருக்குப் பந்தயச் சாட்சி வேண்டாம்

இந்தப் பதிவு இரண்டு தரப்பாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு தரப்பு என் வயதுக்காரர்கள். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்கி, காலையில் நடந்து, மாலையில் உலகத்தைத் திருத்துகிறவர்கள். இன்னொரு தரப்பு எங்கள் பேரன் வயதுப் பிள்ளைகள். உலகத்தைத் திருத்தும் எண்ணமெல்லாம் அவர்களுக்கு இல்லை. பைக்கின் சைலன்ஸரைத் திருத்தினால் போதும்.

2025 ஜனவரி 11, 12 தேதிகளில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. (அவரைப் பட்டப் பெயரால் நான் எழுதமாட்டேன். அது வேண்டாமென்று 2021-லேயே அவர் அறிக்கை விட்டுவிட்டார்.) அன்றிலிருந்து நம் விருத்தாசலத்தில் இந்த இரண்டு தரப்பின் சத்தமும் ஓயவில்லை.

பெரியவர்கள் சொல்வது இது: "பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டு போன வழியிலேயே திரும்பத் திரும்பச் சுற்றுவதற்குப் பெயர் விளையாட்டா? காசு மிஞ்சியவன் பொழுதுபோக்கு!" பிள்ளைகள் எதுவும் சொல்வதில்லை, செய்தே காட்டுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜங்ஷன் ரோட்டில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி. இது வேகத்தின் பந்தயம் என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதற்காகத் திட்டுகிறார், மற்றவர் அதற்காகக் கைதட்டுகிறார். உண்மையில் 24 மணி நேரப் பந்தயம் என்பது டேங்கில் எவ்வளவு பெட்ரோல், சக்கரத்தில் எவ்வளவு ரப்பர் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிப் பார்க்கும் பந்தயம். அது ஒரு கணக்குப் பிள்ளையின் பந்தயம்! முப்பத்து சொச்சம் வருஷம் அரசாங்கத்தில் பேரேடு எழுதிய குமாஸ்தா சொல்கிறேன், நம்புங்கள்.

பெயரிலேயே இருக்கிறது

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வகைப் பந்தயத்தின் தாய்வீடு பிரான்சில் உள்ள லு மான் என்ற ஊர். நம் பத்திரிகைகள் 'லீ மேன்ஸ்' என்று எழுதுகின்றன. கடைசியில் இருக்கும் 'ஸ்' வாயில் வரக்கூடாது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இருந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார். அது கிடக்கட்டும்.

1923 மே மாதம் அங்கே நடந்த முதல் பந்தயத்துக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'அன்துரான்ஸ்' என்ற சொல் இருந்தது. தாங்குதல், தாக்குப்பிடித்தல் என்று பொருள். வேகம் என்ற சொல் அதில் இல்லை. கார் என்பது நாலு தெரு ஓடினால் நின்றுவிடும் பொருளாக இருந்த காலம் அது. ஒரு வண்டி ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் ஓடுமா, விளக்கு எரியுமா, பிரேக் பிடிக்குமா, டயர் தாங்குமா என்று சோதிக்கத்தான் பந்தயமே வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இத்தனை சுற்று முடிக்காமல் பெட்ரோலோ எண்ணெயோ தண்ணீரோ நிரப்பக்கூடாது என்று விதியும் போட்டார்கள். அதாவது, வேகமாகக் குடிக்கிற வண்டி நடு ரோட்டில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1959 முதல் இன்னொரு பரிசும் சேர்ந்தது. எந்த வண்டி முதலில் வந்தது என்று பார்க்காமல், குறைந்த பெட்ரோலில் தன் எடைக்கும் வேகத்துக்கும் தக்க வேலையை எது செய்தது என்று பார்த்துக் கொடுத்த பரிசு. பானார் எஞ்சின் பூட்டிய சின்ன வண்டிகளும், பிற்பாடு ஆல்பின் வண்டிகளும் இந்த மாதிரிப் பரிசுகளை வாங்கியபோது பிரெஞ்சுக்காரர்கள் முதல் பரிசுக்குச் சமமாகக் கொண்டாடினார்கள். சிக்கனத்துக்குப் பரிசு கொடுத்த பந்தயத்தைத்தான் நம் பெரியவர்கள் ஊதாரித்தனம் என்கிறார்கள்.

அதே 2025-இல் வெளிவந்த அஜித்குமாரின் படத்துக்கு 'விடாமுயற்சி' என்று பெயர். அன்துரான்ஸ் என்பதற்கு அதைவிட நல்ல தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. ரசிகர்களோ அந்தச் சொல்லை சுவரொட்டியோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு சுற்றுக்கு எத்தனை கண் சிமிட்டல்?

கணக்குப் பிள்ளையின் பந்தயம் என்றேன். காட்டுகிறேன், பேப்பர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

துபாய் ஓடுபாதை சுமார் 5.4 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 நிமிஷம். கணக்குச் சுலபமாக இருக்க 2 நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 720 சுற்று. ஒரு முறை டேங்க் நிரப்பினால் 30 சுற்று வருகிறது என்போம். 24 டேங்க் தேவை. முதல் டேங்க் புறப்படும்போதே இருக்கிறது, ஆகவே 23 தடவை நிற்க வேண்டும். இப்போது ஓட்டுநர் கொஞ்சம் பதமாக ஓட்டி, அதே டேங்கில் 32 சுற்று கொண்டுவருகிறார். 22 தடவை நின்றால் போதும். ஒரு நிறுத்தம் மிச்சம். உள்ளே நுழைந்து, நிரப்பி, வெளியே வர 2 நிமிஷம் ஆகும் என்று வைத்தால், மிச்சம் 120 விநாடி.

ஆனால் பதமாக ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நேரம் போகுமே? 120 விநாடியை 720 சுற்றால் வகுத்தால் விநாடியில் ஆறில் ஒரு பங்கு. சுற்றுக்கு அதற்குக் குறைவாக இழந்தால் லாபம், கூடுதலாக இழந்தால் நஷ்டம். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை அது! முழு இரவும் அந்த அணியின் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள்? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வளைவு வருவதற்கு முன் கடைசி நொடி வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்து, பிறகு பிரேக்கில் குதிப்பதற்குப் பதிலாக, சற்று முன்பே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக ஓடவிட்டு அப்புறம் பிரேக் பிடிக்கிறார்கள். நம் அரசு பஸ் ஓட்டுநர்கள், டீசல் மிச்சத்தில் பேர் வாங்கியவர்கள், பஸ் நிறுத்தம் வருவதற்கு முன்பே காலைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். உலகப் பந்தய ஓட்டுநரும் நம் பணிமனை ஓட்டுநரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

எடையும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. 100 லிட்டர் நிரப்பினால் 75 கிலோ, அதாவது ஒரு நெல் மூட்டை. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் பெட்ரோல் செலவாகும், டயரும் கூடத் தேயும். நம் ஊர் செராமிக் பேட்டையில் சூளை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பாண்டத்தை மட்டும் சுட முடியாது, அதைத் தாங்கும் தட்டையும் பெட்டியையும் சேர்த்துத்தான் சுட்டாக வேண்டும். அந்த எரிபொருள் எந்தப் பொம்மையிலும் ஒட்டுவதில்லை, ஆனால் செலவில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் வீண் என்பவர்களுக்கு

நான் இந்த விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இது பணக்காரர் விளையாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வீண் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஒரு நிஜக் கணக்கு. 1984-இல் லு மான் பந்தயத்தில் முதல் வகுப்பு வண்டிகளுக்கு அனுமதித்த எரிபொருள் 2600 லிட்டர். அந்த ஆண்டு ஜெயித்தது ஜெர்மனியின் யோஸ்ட் என்ற தனியார் அணியின் போர்ஷே 956. ஓடிய தூரம் சுமார் 4900 கிலோமீட்டர். 1985-இல் அனுமதியை 2210 லிட்டராகக் குறைத்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து வெட்டு! பந்தயம் செத்துப்போகும், வண்டிகள் ஊர்ந்து போகும் என்றுதானே நினைப்போம்? அதே அணி, அதே வண்டியை மீண்டும் கொண்டுவந்து, 5088 கிலோமீட்டர் ஓடி மறுபடி ஜெயித்தது. குறைந்த எரிபொருளில் கூடுதல் தூரம். பின்னால் வந்தவர்களில் போர்ஷே கம்பெனியின் சொந்த அணியும் ஒன்று. வண்டியைச் செய்தவனைவிட வாங்கியவன் சிக்கனமாக ஓட்டிக் காட்டினான்.

அனுமதித்ததை முழுவதும் குடித்ததாகவே வைத்தாலும், 1984-இல் லிட்டருக்கு 1.9 கிலோமீட்டர், 1985-இல் 2.3. நம் பஸ்ஸோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லைதான். நான் சொல்வது வேறு. அளவு வைத்தார்கள், அளந்தார்கள், குறைந்தது. எங்கே அளவுகோல் இருக்கிறதோ அங்கே வீண் குறையும். இன்று உலக அளவிலான அன்துரான்ஸ் பந்தயங்களில் அச்சில் கருவி பொருத்தி, வண்டி எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று ஓடும்போதே அளக்கிறார்கள். தாண்டினால் தண்டனை.

நம்மிடம் அளவுகோலே இல்லை. அரசாங்க ஜீப்பின் லாக் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஜனவரியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டரோ, அதே எண்தான் ஜூனிலும் டிசம்பரிலும், புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை மாறாமல்! மலை ஏறினாலும் அதே, மழையில் போனாலும் அதே, கார்புரேட்டர் கெட்டிருந்தாலும் அதே. கிலோமீட்டர் காட்டும் கருவி வேலை செய்யவில்லை என்ற குறிப்பு ஒவ்வொரு மாதமும் தவறாமல் இருக்கும். கருவியைப் பழுது பார்த்த பில் மட்டும் இருக்காது. மாதா மாதம் ஒரே எண் வந்தால் அது கணக்கு இல்லை, கதை என்று நான் குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பின் மேல் ஒரு கையெழுத்து விழுந்தது, 'பார்த்தேன்' என்று. அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், எது வீண்? பொட்டுப் பொட்டாக எண்ணிக் கொளுத்துவதா, எண்ணாமலே கொளுத்துவதா?

டயர் என்பது ரப்பர் மட்டுமல்ல

பெட்ரோலாவது தீர்ந்தால் வண்டி நிற்கும். டயர் தீர்ந்தால் வண்டி நிற்காது. அதுதான் ஆபத்து.

பந்தய டயர் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் ரோட்டைக் கவ்வும். சூடு குறைந்தால் வழுக்கும், மிஞ்சினால் மேல்தோல் கொப்புளித்துப் பிய்யும். ஓட்டுநர் ஆத்திரப்பட்டு வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால், பிரேக்கில் சக்கரத்தைப் பூட்டினால், அந்த ஒரு சுற்றில் கிடைத்த அரை விநாடிக்கு அடுத்த இருபது சுற்றில் வட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே நல்ல ஓட்டுநர் என்பவர் டயரைத் தேய்க்காமல் ஓட்டுகிறவர். ஒரே ஜோடி டயரில் இரண்டு டேங்க் தீரும்வரை ஓட்டிவிட்டால், ஒரு டயர் மாற்றும் நேரம் லாபம். ஆனால் இரண்டாவது டேங்கின் கடைசிச் சுற்றுகளில் பிடி குறைந்து நேரம் நஷ்டம். இதிலும் கூட்டல் கழித்தல்தான்.

கழற்றிய டயரைத் தூக்கி எறிவதில்லை. அதன் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றின் ஆழத்தை அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். உள்பக்கம் தேய்ந்திருந்தால் ஒரு காரணம், வெளிப்பக்கம் என்றால் இன்னொரு காரணம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி.

இதை நம் வீட்டு வண்டிக்கும் வைத்துப் பார்க்கலாம். காற்று குறைவாக இருந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், சூடாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயர் பேசும். நாம்தான் குனிந்து கேட்பதில்லை.

டயருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் கம்பெனிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அரக்கோணத்திலும் அவர்கள் ஆலை. ஒரகடத்தில் அப்போலோ. மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தக நாட்டின் மிஷலான் கம்பெனியும் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் ஆலை வைத்திருக்கிறது. அந்த மிஷலான் டயரில்தான் 2025 முதல் துபாய்ப் பந்தயம் ஓடுகிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுபாதை திறந்தது வரை, இந்தியாவில் பந்தயம் என்றால் சென்னைதான். இத்தனை டயர் செய்யும் மாநிலத்தில், இத்தனை பந்தயம் பார்த்த மாநிலத்தில், பள்ளிக்கூட வேன் மொட்டை டயரில் ஓடுகிறது!

ரேஸ் காருக்கே பட்டன் இல்லையே?

ஆம், பள்ளிக்கூட வேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள். எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஒன்று வாசலில் நின்றது. பின்சக்கரம் இரண்டிலும் பட்டன் என்பதே இல்லை. என் மொட்டைத் தலையைவிட வழவழப்பு. ஓட்டுகிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, டயரைப் பார்த்தியா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு மாசம் ஓடும் சார்."

"பட்டனே இல்லையேப்பா. மழை வேற பெய்யுது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், ரேஸ் காருக்கே பட்டன் கிடையாது. டிவியில பாக்கலியா? முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போறான். நமக்கு என்ன?"

உள்ளே பதினாறு பிள்ளைகள். எண்ணினேன். பதினாறு பேர் உட்காரும் வண்டி அல்ல அது.

இந்த வாதத்தை அவன் மட்டும் சொல்லவில்லை. பாலக்கரையில் ஒரு டீக்கடையில், படித்த மனிதர் ஒருவரும் இதையே சொல்லக் கேட்டேன். ஆகவே பதிலைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாசகரும் தன் தெருவில் சொல்ல வேண்டும்.

பந்தய டயர் மொட்டையாகப் பிறக்கிறது. நம் டயர் மொட்டையாக ஆகிறது. இரண்டும் ஒன்றல்ல. பந்தய டயரில் கோடு இல்லாததற்குக் காரணம், காய்ந்த ரோட்டில் முழு ரப்பரும் தரையைத் தொட வேண்டும் என்பது. அந்த ரப்பர் மிருதுவானது, புதியது, சில மணி நேரத்தில் கழற்றி மாற்றப் போவது. நம் வேன் டயரில் கோடு இல்லாததற்குக் காரணம், ரப்பர் தீர்ந்துபோய் உள்ளே இருக்கும் கம்பியும் நூலும் எட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பது.

அதைவிட முக்கியம், மழை. பந்தயத்தில் மழை பிடித்ததும் என்ன செய்கிறார்கள்? எவ்வளவு முன்னணியில் இருந்தாலும் உள்ளே வந்து, கோடு போட்ட மழை டயரை மாட்டிக்கொண்டு போகிறார்கள். டயரில் உள்ள கோடு அழகுக்கு அல்ல, தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கிவிடும். வண்டி தரையை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். உலகத்தின் சிறந்த ஓட்டுநரே அந்த டயரில் மழையில் ஓட்ட மறுக்கிறார். நம் பையன் பதினாறு பிள்ளைகளோடு ஓட்டுகிறான்.

சட்டம் இல்லாமலா? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி சொல்கிறது: இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு டயர்க் கோட்டின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். அளக்கக் கருவி வேண்டாம். கோடுகளுக்கு நடுவே ஆங்காங்கே சின்னத் திட்டு ஒன்று வைத்திருப்பார்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்க்கலாம்.

ஆனால் எஃப்.சி. அன்று மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், முத்திரை வாங்கியதும் பழையதையே மாட்டிக்கொள்ளும் வித்தையைக் கேள்விப்படாதவர் நம்மில் உண்டா? ரீட்ரெட் செய்வது பாவமில்லை. உடம்பு கெட்டியாக உள்ள டயருக்கு ஒழுங்காகச் செய்தால் அது நல்ல சிக்கனம்தான். மொட்டையில் ஓட்டுவது சிக்கனம் அல்ல. அது அடுத்தவன் பிள்ளையின் உயிரை ஈடு வைத்து எடுத்த கடன்.

வேகப் பிள்ளைகளுக்கு

இளைஞர்களே, உங்களையும் விடுவதாக இல்லை.

துபாயில் ஜனவரி 7 அன்று பயிற்சியில் அஜித்குமாரின் வண்டி மோதியது. அதன் பிறகு அவர் என்ன செய்தார்? அணியின் நலனுக்காக 901 எண் வண்டியை ஓட்டுவதிலிருந்து தானே விலகினார். அந்த வண்டிதான் மூன்றாம் இடம் வந்தது. அவர் அதைவிடச் சிறிய வகுப்பு வண்டி ஒன்றை ஓட்டினார். தன் பெயரில் உள்ள அணி, தன் காசு, உலகமே பார்க்கிறது, அப்போதும் ஓட்டாமல் இறங்கிய மனிதரின் ரசிகர்கள் நீங்கள். அந்த இறங்குதலுக்கு எத்தனை பேர் கட்அவுட் வைத்தீர்கள்?

அந்தப் பந்தயத்தில் இன்னொரு விதி உண்டு. ஓடுபாதையில் விபத்து நடந்தால் எல்லா வண்டியும் 60 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முன்னாலிருப்பவரும் 60, கடைசியிலிருப்பவரும் 60. நாமோ விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை ரோட்டில் விபத்து நடந்த இடத்தைத் தாண்டும்போதே ஹாரன் அடித்து முந்துகிறோம்.

1969-இல் லு மான் பந்தயத்தை ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியம் இளைஞர் ஜெயித்ததை, புதுச்சேரி வாசகசாலையில் தாமதமாக வந்துசேரும் பிரெஞ்சுப் பத்திரிகையில் நான் வாசித்தேன். அக்காலத்தில் ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து வண்டியில் குதித்துப் புறப்பட வேண்டும். அவசரத்தில் யாரும் பெல்ட்டை ஒழுங்காகப் போடமாட்டார்கள். இக்ஸ் ஓடவில்லை. நடந்து வந்தார். உட்கார்ந்து, பெல்ட்டை நிதானமாக மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். அவசரமாகப் புறப்பட்ட ஒருவர் முதல் சுற்றிலேயே விபத்தில் இறந்துபோனார். கடைசியில் கிளம்பிய இக்ஸ், 24 மணி நேரம் கழித்து, நூறு மீட்டர் சொச்சம் வித்தியாசத்தில் முதலில் வந்தார். ஹெல்மெட் போட ஒரு நிமிஷம் இல்லை என்கிற தம்பி, இந்தக் கதையை இரண்டு தடவை படி.

பெட்ரோலுக்கு வருவோம், உங்கள் பைக்குக்கும் சேர்த்து. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். இது பௌதிகம், கட்சி அல்ல. 50-இல் போகிறவன் காற்றோடு போடும் சண்டையைவிட 100-இல் போகிறவன் போடும் சண்டை நாலு மடங்கு. அந்தச் சண்டைக்கு அப்பாவின் சம்பளத்திலிருந்து பெட்ரோல். பெண்ணாடம் போய்ச் சேர நாலு நிமிஷம் மிச்சமாகலாம். அந்த நாலு நிமிஷத்தில் என்ன செய்தாய் என்று யாராவது எனக்கு எழுதினால் நன்றி.

ஆக, நான் கேட்பது

பந்தயத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, ஊருக்கு ஊர் நடத்து என்றும் சொல்லவில்லை. அங்கே உள்ள கணக்கை இங்கே கொண்டுவா என்கிறேன்.

பள்ளிக்கூட நிர்வாகங்கள் ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு வேனின் டயரையும் பெற்றோர் முன்னிலையில் காட்ட வேண்டும். சேர்க்கைக் கட்டணத்துக்கு ரசீது தருகிறவர்கள் இதற்கும் ஒரு தாள் தரலாம். டயர் பார்ப்பதை எஃப்.சி. நாளோடு முடிக்காமல், மழைக்காலத்தில் ரோட்டிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டுக்கு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். அரசாங்க வண்டிகளின் லாக் புத்தகத்தில் கிலோமீட்டர் கருவி வேலை செய்யவில்லை என்ற குறிப்பு இரண்டாம் மாதமும் வந்தால் டீசல் பில்லை நிறுத்த வேண்டும். பத்திரிகைகள் பந்தயச் செய்தி போடும்போது மாலையும் கைதட்டலும் மட்டும் போடாமல், எத்தனை தடவை நின்றார்கள், எத்தனை டயர் மாற்றினார்கள் என்றும் போட வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை. மாலையில் உலகத்தைத் திருத்துவதற்கு முன், பேரப்பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டியின் நாலு சக்கரத்தையும் ஒரு முறை குனிந்து பாருங்கள். முட்டி வலிக்கும். பரவாயில்லை.

நான் பார்த்த வேனைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, டயர் மாற்றாவிட்டால் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று சொன்னோம். மூன்றாம் நாள் பின்னால் இரண்டு புது டயர் வந்தது. பதினாறு பிள்ளைகள் என்ற எண்ணிக்கை இன்னும் குறையவில்லை. அதற்கான சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

பந்தயத்தில் டயர் தேய்ந்தால் வண்டியை உள்ளே கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் டயர் தேய்ந்தால் அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். இந்த இரண்டில் எதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மறுத்து எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். எழுதுமுன் வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் டயரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.